அப்பாவுக்கு கம்பெனியில் மெஷின். பிள்ளைக்கும் பள்ளியில் மெஷினா?
எல்லைக்கு அந்தப் பக்கம் முகப்பதிவு திட்டம்

ஓசூர்,-

சிப்காட் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி வாசலில் மெஷினில் விரல் வைக்கிறார். ஐந்து நிமிஷம் லேட் ஆனாலும் மெஷின் காட்டிக் கொடுத்துவிடும். அதே மெஷின் அவருடைய பிள்ளை படிக்கிற பள்ளிக்கும் வரலாமா?

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முகத்தைப் படம் பிடித்து வருகை பதியும் திட்டத்தை அந்த மாநில அரசு 2025-ல் அறிவித்தது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. சின்னப் பிள்ளைகளின் முகம் யார் கையில் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டுக்கும் இது புதுசு அல்ல. 2018 டிசம்பரில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் முகப்பதிவு வருகை சோதனை நடந்தது. 2019-ல் ஆசிரியர்களுக்கு விரல் ரேகை வந்தது. 7 ஆயிரத்து 728 பள்ளிகளுக்கு என்று திட்டம். அந்த மெஷினில் தமிழ் இல்லை, இந்தி தெரிகிறது என்று ஒரு ரகளை வேறு! 2020-ல் கொரோனா வந்ததும் விரல் வைப்பது நின்றது.

ரேகை நிற்காது

பிள்ளைகள் விஷயத்தில் சிக்கல் விரலிலேயே இருக்கிறது. வளரும் வயதில் ரேகையின் அமைப்பு மாறாது, ஆனால் அதன் அளவு மாறும். அதனால்தான் ஆதாரில் 5 வயதுக்கு முன் ரேகை எடுப்பதில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் மறுபடி பதியச் சொல்கிறார்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் கல் உடைத்துத் தேய்ந்த கைகளுக்கு ரேஷன் கடை மெஷின் படுத்துகிற பாடு ஊருக்கே தெரியும். பள்ளியிலும் அப்படி ஆனால்? பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், மெஷின் 'ஆப்சென்ட்' என்று சொல்லும். சத்துணவுக்குத் தலை எண்ணுவது எந்தக் கணக்கை வைத்து?

சுவீடனில் அபராதம்

சுவீடனில் ஷெலெப்டியோ என்ற ஊரில் ஒரு பள்ளி 22 மாணவர்களை 3 வாரம் காமிராவில் பதிந்து வருகை எடுத்தது. 2019-ல் 2 லட்சம் குரோனர் அபராதம்! வருகை எடுக்க முகம் தேவையில்லை, வேறு வழி இருக்கிறது என்றது அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அமைப்பு. பெற்றோர் சம்மதித்ததும் செல்லவில்லை. பள்ளி கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவர் வருகையை வகுப்பு ஆசிரியரே செல்போன் செயலியில் ஏற்றுகிறார். தளி, அஞ்செட்டி பக்கம் டவர் கிடைக்காத மலைக் கிராமங்களில் அதற்கே செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடு தேட வேண்டியிருக்கிறது.