பொய் சொல்ல மறுத்த பேராசிரியர்

பிள்ளை நல்ல மதிப்பெண் பெற வேண்டும், நல்ல வேலையில் அமர வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் இல்லை. ஆனால் மனித வளர்ச்சி என்பது அவ்வளவில் முடிந்துவிடுகிறதா? காரைக்குடியில் பல ஆண்டுகள் கற்பித்த மூதறிஞர் வ. சுப. மாணிக்கத்தின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தருகிறது.

மாணிக்கம் 1917-இல் மேலைச்சிவபுரியில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அக்காலச் செட்டிநாட்டு வழக்கப்படி, தொழில் பழகுவதற்காகப் பர்மாவின் இரங்கூன் நகருக்குச் சென்று வட்டிக்கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். அங்கு நடந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவர். வருமானவரி அதிகாரி வந்தால் தாம் கடையில் இல்லை எனச் சொல்லும்படி முதலாளி பணித்தார். உள்ளே இருப்பவரை இல்லையென்று சொல்ல மாணிக்கம் மறுத்துவிட்டார். வேலை போயிற்று, ஊர் திரும்பினார்.

வணிகம் இழந்தவரைத் தமிழ் ஏற்றுக்கொண்டது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரிடம் தமிழ் பயின்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். வள்ளல் அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரிக்கு மறு ஆண்டே பேராசிரியராக வந்தார். 1964 முதல் 1970 வரை அதன் முதல்வராக விளங்கினார். 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1989-இல் மறைந்தார்.

அவருடைய கல்விக் கொள்கைகளுள் இரண்டை இங்கு எண்ணிப் பார்ப்போம். கற்பது வாழ்வதற்கே என்பது ஒன்று. திருக்குறளைப் பாராட்டிப் பேசுவதோடு நில்லாது, அதன்படி ஒழுக வேண்டும் என்பதை 'வள்ளுவம்' என்னும் தம் நூலில் வற்புறுத்தினார். தாய்மொழியிலேயே கற்க வேண்டும் என்பது மற்றொன்று. தமிழ்வழிக் கல்விக்காக ஓர் இயக்கமே கண்டார். பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குக் கேள்வி பிறப்பதில்லை. கேள்வி பிறவாத இடத்தில் சிந்தனை வளர்வது எங்ஙனம்?

இக்கொள்கைகளைச் சொல்வோர் பலர் உண்டு. சொல்லும் வாழ்வும் ஒன்றாக இருந்தமையால்தான் மாணிக்கத்தின் சொல்லுக்கு வலிமை இருந்தது. மாணவன் பாடத்தை மறக்கலாம். பாடம் சொன்னவரின் வாழ்வை மறப்பதில்லை.

இல்லமும் ஒரு வகுப்பறையே. வாயிலில் ஒருவர் வந்து நிற்கும்போதும், கைப்பேசி ஒலிக்கும்போதும், "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என நாம் பிள்ளையிடம் கூறுவதில்லையா? நமக்கு அது சிறு வசதி. பிள்ளைக்கோ அது ஒரு பாடம்.

உண்மை சொன்னவர் எல்லாரும் துணைவேந்தர் ஆவதில்லை. சிலர் வேலையை இழப்பர். சிலர் நண்பரை இழப்பர். நம் பிள்ளையும் ஒருநாள் அவ்வாறு இழந்து வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடும். அன்று, "பிழைக்கத் தெரியாதவன்" என்று ஏசாமல் அவனை அணைத்துக்கொள்ளும் பெற்றோரே அவனை மனிதனாக வளர்த்தவர் ஆவர்.