தோசைக்கல்லில் ஒரு சமரசம்

1996ல் பச்சைத் துண்டுக்காரர்கள் பெங்களூரில் அமெரிக்கக் கோழிக் கடையை நொறுக்கினார்கள். இன்று அதே நகரத்துச் சமையலறைகளில் பர்கர், சப்பாத்தியின் மேல் ஏறி டாகோவாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அன்று விவசாயிகள் கேட்ட கேள்வி ஊறுகாய் பாட்டிலுக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

1996 ஜனவரி 30. காந்தி நினைவு தினம். பெங்களூர் பிரிகேட் ரோட்டில் இருந்த கென்டகி ஃபிரைடு சிக்கன் உணவகத்துக்குள் சுமார் 100 பேர் புகுந்தார்கள். சில நிமிடங்களில் கடை சூறையாடப்பட்டது. வந்தவர்கள் கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தைச் சேர்ந்த விவசாயிகள். அவர்களுடைய தலைவர், சட்டப் பேராசிரியராக இருந்து விவசாயிகள் தலைவராக மாறிய எம்.டி. நஞ்சுண்டசாமி.

அந்தக் கடை சாதாரணக் கடை அல்ல. 1995 ஜூனில் திறக்கப்பட்ட அது, இந்தியாவில் கே.எஃப்.சி.யின் முதல் கிளை. திறந்த சில மாதங்களிலேயே, அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக அஜினோமோட்டோ சேர்ப்பதாகக் கூறி மாநகராட்சி அதை மூடியது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு மறுபடியும் திறந்தது. நஞ்சுண்டசாமிக்கு அஜினோமோட்டோ ஒரு பகுதிதான். மனிதன் தின்ன வேண்டிய தானியம் கோழித் தீவனமாகப் போகும், சிறு விவசாயியின் நிலம் பெரிய கம்பெனிகளுக்காக விளையும் என்பதுதான் அவருடைய அடிப்படை வாதம்.

சுமார் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. கடையை உடைத்தவர்களும் சரி, திறந்தவர்களும் சரி, எதிர்பார்க்காத ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்கத் தின்பண்டம் கடையிலிருந்து இறங்கி வீட்டுத் தோசைக்கல்லுக்கு வந்துவிட்டது. அதுவும் சொந்த உருவத்தில் அல்ல. 2023ல் சமூக வலைதளங்களில் உலகம் முழுக்கப் பரவிய பர்கர் டாகோவில் பன் கிடையாது. மெல்லிய ரொட்டியின் மேல் பச்சைக் கொத்துக்கறியை அழுத்தி, கறிப் பக்கம் கல்லில் படும்படி கவிழ்த்துச் சுட்டு, சீஸ், வெங்காயம், ஊறுகாய், சாஸ் வைத்து இரண்டாக மடித்தால் வேலை முடிந்தது. ருசி பர்கர், உருவம் டாகோ. சப்பாத்தி சுடத் தெரிந்த எந்த வீட்டுக்கும் இது புதிய வித்தை அல்ல.

ஒரே ஊர்க்காரர்கள்

பர்கரும் டாகோவும் கலப்பது விபரீதக் கலப்பு என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஊர்ப் பாசம் உண்டு. கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில்தான் மெக்டொனால்டு சகோதரர்கள் 1940ல் உணவகம் தொடங்கினார்கள். 1948ல் அதை 15 சென்ட் பர்கர் கடையாக மாற்றி அமைத்தார்கள். அதே ஊரில், அதே 1948ல், கிளென் பெல் என்ற இளைஞரும் கடை போட்டார். எதிரே 1937 முதல் இயங்கிவந்த மித்லா கஃபே என்ற மெக்சிகோக் குடும்பத்து உணவகத்தில் டாகோவுக்கு நிற்கும் கூட்டம் அவர் கண்ணை உறுத்தியது. அங்கே போய்ச் சாப்பிட்டு, செய்முறையைத் தெரிந்துகொண்டு, தன் கடையில் டாகோ விற்க ஆரம்பித்தார். 1962ல் அவர் தொடங்கியதுதான் டாகோ பெல்.

அவர் டாகோவுக்குள் வைத்தது என்ன? கொத்திய மாட்டிறைச்சி, நறுக்கிய லெட்டூஸ், துருவிய சீஸ். எல்லாம் பர்கர் கடைச் சாமான்கள். ஆக, அமெரிக்கச் சங்கிலிக் கடைகளின் டாகோ பிறக்கும்போதே பாதி பர்கராகத்தான் பிறந்தது. மெக்சிகோவின் பழைய டாகோ வேறு. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, ரொட்டியாகத் தட்டி, உள்ளே எதையாவது வைத்து மடிப்பது. ஸ்பெயின்காரர்கள் கோதுமையைக் கொண்டுபோன பிறகு, வட மெக்சிகோவில் கோதுமை ரொட்டியும் வழக்கத்துக்கு வந்தது. நம் சப்பாத்தியின் தூரத்துச் சொந்தம் அதுதான். உப்பும் கொழுப்பும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

முதல் வாசல்

இந்த வகைக் கடைகள் இந்தியாவுக்குள் நுழையப் பெங்களூர்தான் வாசலாக இருந்திருக்கிறது. 1995ல் கே.எஃப்.சி. 1996ல் பிட்ஸா ஹட். 2010ல் மல்லேஸ்வரம் மந்திரி ஸ்கொயர் வளாகத்தில் டாகோ பெல். மூன்றுக்கும் இந்தியாவில் முதல் கிளை இந்த நகரத்தில்தான். மூன்றும் ஒரே தாய்க் கம்பெனியின் பிள்ளைகள். முன்பு பெப்சிகோ, இப்போது யம். கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே பிரெட்டும் கேக்கும் பழகிய ஊர், கையில் சம்பளம் புரளும் இளைஞர் கூட்டம் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் பெங்களூர் நாக்கு வெறும் நகல் நாக்கு அல்ல. கம்பெனிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஊரில் ஒரு உள்ளூர் பர்கர் இருந்தது. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த, வீட்டில் ஒருவகைத் தமிழ் பேசும் ஐயங்கார்கள் நடத்திய பேக்கரிகளில் முட்டை சேர்க்காத பன்னும், பச்சை மிளகாய் போட்ட காரா பன்னும் பிரசித்தம். பன்னை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி, நிப்பட்டு எனப்படும் தட்டையையோ, காரம் போட்ட ‘காங்கிரஸ்’ கடலையையோ உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். இரண்டாகப் பிளந்த கடலைக்கு அந்தப் பெயர் வந்தது 1969ல் காங்கிரஸ் கட்சி பிளந்த பிறகுதான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தப் பிளவுக்கு முன்னோட்டமான கட்சிக் கூட்டம் அந்த ஆண்டு ஜூலையில் லால்பாக் கண்ணாடி மாளிகையில்தான் நடந்தது.

கம்பெனிகளும் இந்த நாக்குக்கு இறங்கிவர வேண்டியிருந்தது. 1996ல் மெக்டொனால்டு டில்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சியை விட்டுவிட்டது. உருளைக்கிழங்கு டிக்கி பர்கருக்குள் ஏறியது. வீட்டில் செய்பவருக்கு இந்தச் சுதந்திரம் இன்னும் அதிகம். எந்தக் கறி, எவ்வளவு உப்பு, எந்த எண்ணெய் என்பதை முடிவு செய்வது அவர்தான். 1995ல் மாநகராட்சி ஆய்வகம் வரை போன ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கு வீட்டில் பதில் தேட வேண்டியதில்லை.

தட்டும் கலை

கர்நாடக வீடுகளில் அக்கி ரொட்டி செய்யும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு பர்கர் டாகோ உடனே புரியும். அரிசி மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், சப்பசிகே கீரை சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய கல்லின் மேலேயே விரல்களால் தட்டிப் பரப்புகிறார்கள். மெல்லியதாகப் பரவுவதால்தான் ஓரம் மொறுமொறுக்கிறது. பர்கர் டாகோவில் அதே வேலை கறிக்கு நடக்கிறது.

இதில் ஒரு ரசாயனம் இருக்கிறது. புரதமும் சர்க்கரையும் சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சேர்ந்து காயும்போதுதான் பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் வரும். 1912ல் இதை விவரித்தவர் லூயி கமீ மயார் என்ற ஃபிரெஞ்சு விஞ்ஞானி. கறியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தடித்த வடையாகப் போட்டால் வெளியே சிவந்தாலும் உள்ளே அவியும். காகிதம் போல அழுத்தினால் தண்ணீர் சீக்கிரம் வற்றி, முழுப் பரப்பும் சிவக்கும். வேகும் புரதம் இறுகி, ரொட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும். பசையோ முட்டையோ தேவையில்லை.

அமெரிக்காவில் இதற்கு மாட்டிறைச்சி. கர்நாடகத்தில் 2020ம் ஆண்டின் கால்நடை வதைத் தடுப்புச் சட்டம் பசு, கன்று, காளை, 13 வயதுக்கு உட்பட்ட எருமை ஆகியவற்றை வெட்டத் தடை விதிக்கிறது. எனவே பெங்களூர் வீடுகளில் ஆட்டுக்கறி அல்லது கோழி. ஆட்டுக்கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம். சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டானாலும் தெருமுனைக் கறிக்கடையானாலும், கொஞ்சம் கொழுப்பு சேர்த்து இரண்டு முறை கொத்தித் தரச் சொல்வது நல்லது. சைவர்களுக்கு ராஜ்மா பொருத்தம். அதன் பூர்வீகமே மெக்சிகோ பக்கம்தான். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் எல்லாம் அந்தத் திசையிலிருந்து வந்து நம்மவை ஆகிவிட்டவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எட்டு டாகோ செய்ய

ஊறுகாய்: பிஞ்சு வெள்ளரிக்காய் இரண்டை வட்டமாக மெல்லச் சீவவும். அரை கப் வினிகர், அரை கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, சிறிது கடுகு சேர்த்துக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்றவும். ஒரு மணி நேரம் போதும். சப்பசிகே கீரை கிடைத்தால் ஒரு கொத்து போடவும். தமிழில் சதகுப்பை. அமெரிக்க ஊறுகாயின் தனி வாசனை இந்தக் கீரையுடையதுதான்.

சாஸ்: மயோனைஸ் நான்கு டேபிள்ஸ்பூன், தக்காளி சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், கடுகு விழுது ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய அதே ஊறுகாய் ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள். கலந்தால் சாஸ் தயார்.

ரொட்டி: ஒரு கப் கோதுமை மாவு, அரை கப் மைதா, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், உப்பு சேர்த்துப் பிசைந்து அரை மணி ஊறவிடவும். எட்டு சிறிய வட்டங்களாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் அரை வேக்காடாக மட்டும் வாட்டவும். முழுதாகச் சுட்டால் பிறகு முறுகி, மடிக்கும்போது உடையும்.

கறி: 400 கிராம் கொத்துக்கறியை எட்டாகப் பிரித்து, ரொட்டி ஆறியதும் ஒரு பக்கம் விளிம்புவரை மெல்லியதாக அழுத்தவும். உப்பும் மிளகுத் தூளும் சுடும்போது தூவினால் போதும். முதலிலேயே உப்புப் போட்டுப் பிசைந்தால் கறி இறுகி ரப்பராகிவிடும். இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி, கறிப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துத் தட்டையான கரண்டியால் அழுத்தவும். மூன்று நிமிடம். ஓரம் சிவந்ததும் திருப்பி, கறியின் மேல் சீஸ் ஸ்லைஸ் போட்டு இன்னும் ஒரு நிமிடம். கொத்திய கறியில் கிருமி உள்ளே வரை கலந்திருக்கும் என்பதால் எங்கும் இளஞ்சிவப்பு மிச்சம் இருக்கக் கூடாது. கோழியானால் இரட்டிப்புக் கவனம் தேவை.

இறக்கியதும் நறுக்கிய வெங்காயம், லெட்டூஸ் அல்லது முட்டைக்கோஸ், ஊறுகாய், சாஸ் வைத்து மடிக்கவும். காத்திருந்தால் நமுத்துவிடும். சுடச்சுடச் சாப்பிட வேண்டியது.

சைவம்: வேகவைத்து மசித்த ராஜ்மாவுடன் பொடித்த அவல், வெங்காயம், சீரகம் சேர்த்து அதே போல அழுத்தவும். இது கறி போலத் தானாக ஒட்டாது. அவல்தான் பிடிமானம். திருப்பும்போது நிதானம் வேண்டும்.

பாட்டிலுக்குள் விவசாயி

இந்தத் தட்டில் மிகச் சிறிய பொருள் ஊறுகாய். கதை பெரியதும் அதற்குத்தான். மேல்நாட்டுப் பர்கருக்குள் இருக்கும் அந்தப் பச்சை வட்டம் கெர்கின் எனப்படும் விரல் அளவு வெள்ளரி. இந்தியாவில் அதன் சாகுபடி 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில்தான் ஆரம்பித்தது. ரைத சங்கம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய அதே ஆண்டுகளில், அதே மாநிலத்தின் வயல்களில், வெளிநாட்டு மேஜைகளுக்கான வெள்ளரி கொடி வீசத் தொடங்கியிருந்தது. பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது.

இன்று வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்னணியில் இருக்கிறது. 2020-21ல் சுமார் 2.23 லட்சம் டன் கப்பலேறியது. மதிப்பு சுமார் 22 கோடி டாலர். ஏறக்குறைய 90,000 சிறு, குறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் 65,000 ஏக்கரில் பயிரிடுவதாக அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா கூறுகிறது. 90 நாள் பயிர். ஏக்கருக்கு சுமார் 80,000 ரூபாய் வரவு, அதில் பாதி கையில் நிற்கும் என்பது அதன் கணக்கு.

விதையும் உரமும் கம்பெனி தரும், விலையையும் முன்பே சொல்லிவிடும். சந்தை விலை சரிந்தாலும் பேசிய விலை உண்டு என்பது விவசாயிக்கு நிம்மதி. ஆனால் விலை காயின் அளவைப் பொறுத்தது. சின்னக் காய்க்கு அதிகம், பெரிய காய்க்குக் குறைவு. ஒரு நாள் பறிக்கத் தவறினால் காய் பருத்து, தரம் இறங்கிவிடும். வீட்டில் கல்யாணமோ சாவோ, தினமும் வயலில் ஆள் நிற்க வேண்டும். வேறு யாரிடமும் விற்கலாம் என்றால், உள்ளூரில் வாங்க ஆள் குறைவு.

நஞ்சுண்டசாமி 2004ல் மறைந்தார். அவர் எதிர்த்த உணவு தோற்கவில்லை. அவர் பயந்தபடி உள்ளூர்ச் சாப்பாடும் அழியவில்லை. அக்கி ரொட்டியும் பர்கர் டாகோவும் ஒரே கல்லில் வேகின்றன. ஆனால் யாருக்காக விளைகிறது, விலையை யார் தீர்மானிப்பது என்ற அவருடைய கேள்விக்கு அடுப்படியில் பதில் கிடைக்காது. ஒரு சின்ன மாற்றம் மட்டும் கவனிக்கத் தக்கது. கடல் கடந்து போவதற்கென்றே விளைந்த அந்த வெள்ளரியை இப்போது பெங்களூர் வீடுகளும் சாப்பிடப் பழகிவருகின்றன. பேசிய கம்பெனியைத் தவிர வேறு வாங்குபவர் இல்லாத விவசாயிக்கு, பக்கத்து நகரத்தில் இன்னொரு வாடிக்கையாளர் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. அந்த வழி உண்மையில் திறக்குமா என்பது டாகோவின் ருசியில் இல்லை. ஊறுகாயைப் பாட்டிலில் வாங்கும் நகரவாசி, அது விளைந்த தும்கூர், ஹாசன் பக்கத்து வயல் வரை யோசிக்கத் தயாரா என்பதில் இருக்கிறது.