கண்மாய் மராமத்தும் சர்க்கார் உதவி விதிகளும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்கு மலையடிவாரத்தில் உள்ள கூமாப்பட்டியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் நெல்லும் தென்னையும் கண்மாய் நீரையே நம்பியிருக்கின்றன. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளில் நீர் நிரம்பினாலும், வரத்துக்கால் தூர்ந்து மடை பழுதாகிக் கிடந்தால் கடைமடை நிலங்களுக்கு யாதொரு பிரயோஜனமுமில்லை.

பூர்வத்தில் இவ்வேலைகளைக் குடிகளே கூடிச் செய்துவந்தனர். குடிமராமத்து எனப்பெற்ற இவ்வழக்கத்தை 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அங்கீகரித்தது. வழக்கப்படி உழைக்கத் தவறியவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கவும் அது இடமளித்தது. ஆயினும் நாளடைவில் வழக்கம் குன்றிற்று. சிறு பழுதுக்கும் மதிப்பீடு, அனுமதி, டெண்டர் என்று ஒவ்வொரு படியாக ஏறவேண்டியதாயிற்று. உத்தரவு வந்து சேருமுன் பருவமே கடந்துவிடுவதுண்டு.

இச்சிக்கலைக் குறைக்கவே 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கினர். முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்துக்கொள்ளப்பெற்றன. டெண்டருக்குப் பதிலாக ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களிடமே வேலை ஒப்படைக்கப்பெற்றது. செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குடிகளுடையதாயிருந்தது. அதைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ செலுத்தலாம் என்பது அத்திட்டத்தின் விதியாயிருந்தது.

இதன் அனுகூலத்தைக் கணக்கிட்டே காணலாம். 200 ஏக்கர் ஆயக்கட்டுள்ள கண்மாய்க்கு 5 லட்சம் ரூபாய் வேலையெனில், குடிகள் பங்கு 50,000 ரூபாய். அதாவது ஏக்கருக்கு 250 ரூபாய். ரொக்கமில்லாத சிறு விவசாயி தம் உழைப்பையே பங்காகச் செலுத்த இடமிருந்தது.

வண்டல் மண் எடுக்கும் விதியும் இவ்வாறே எளிதாக்கப்பெற்றது. முன்னர் மாவட்டத் தலைநகரை நாட வேண்டியிருந்தது. 2024-ஆம் ஆண்டு முதல் அந்தந்த வட்டத்தின் தாசில்தாரே அனுமதியளிக்கலாம். அரசிதழில் அறிவிக்கப்பெற்ற கண்மாய்களிலிருந்து, நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும் புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் விலையின்றி எடுக்கலாம். நிலம் உரம் பெறுகிறது, கண்மாயும் ஆழமாகிறது.

ஆனால் விதி எளிதாவதனால் பொறுப்பும் குறைந்துவிட்டதெனக் கருதலாகாது. முன்பு பல அலுவலகங்கள் பார்த்த கணக்கை இப்போது ஊராரே பார்க்க வேண்டும். சங்கம் ஒரு சிலரின் கைக்கு அடங்கிவிட்டால், தலைமடை சீராகும். கடைமடை வறண்டே கிடக்கும். பத்துப் பங்கை ஒருவரே செலுத்தி வேலை முழுவதையும் தம்மதாக்கிக்கொண்டால், அது பெயரளவிலேயே குடிமராமத்தாகும்.

ஆகவே கிராம அதிகாரிகள் சில காரியங்களைக் கவனிப்பது நலம். வேலை தொடங்குமுன் கடைமடைக்காரரையும் அழைத்துக் கூட்டம் கூட்டுதல் வேண்டும். மதிப்பீட்டையும் ஒவ்வொருவர் பங்கையும் சாவடியில் எழுதி ஒட்டவேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் கரையின் உயரத்தையும் கால்வாயின் அகலத்தையும் ஊரார் முன்னிலையில் அளந்து பதியவேண்டும். வண்டல் எடுக்குமிடத்தில் கரைக்கும் மடைக்கும் அருகே தோண்டாதபடி காத்தல் அவசியம்.

100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை; அதற்கு மேற்பட்டவை பொதுவாக நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. தம் கண்மாய் எவ்வகையினதென அறிந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் உரிய இடத்தில் மனுச் செய்வோரே பயனடைவர்.