காசும் கேஷும்

மந்தைவெளி மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போனால், "கேஷா, ஜிபேயா?" என்று கேட்கிறார்கள். வீட்டில் பாட்டியோ, "காசு எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்கிறார். காசு, கேஷ் என்னும் இரு சொற்களும் ஒலியிலும் பொருளிலும் உடன்பிறந்த சகோதரிகள் போலவே தோன்றுகின்றன. ஆகவே தமிழ் மன்ற விழாவுக்கு நாங்கள் தயாரித்த சுவரொட்டியில், ‘ஆங்கிலத்துக்குக் காசு கொடுத்தவள் தமிழன்னை!’ என்று பெரிய எழுத்துகளில் எழுதிவிட்டோம். சிஸ்டர் அதைப் பார்த்துக் கோபிக்கவில்லை. "முதலில் நூலகத்துக்குப் போய் அகராதியைப் பாருங்கள். பிறகு ஒட்டலாம்" என்றார்கள். அங்கே நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் என்ற சொல் தமிழிலிருந்து சென்றதன்று. இலத்தீன் மொழியில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸா’ என்றும், பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் ஆயிற்று. அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது பணப்பெட்டியையும் குறித்தது. நாளடைவில் பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கே நிலைத்துவிட்டது. நாம் விழுங்கும் ‘காப்ஸ்யூல்’ மாத்திரையின் பெயருக்குச் ‘சிறு பெட்டி’ என்பதே பொருள். அதுவும் இதே குடும்பம்தான்!

அப்படியானால் எங்கள் சுவரொட்டி முழுவதும் தவறா? இல்லை. அதே அகராதியில் கேஷ் என்ற சொல் இரண்டாம் முறையும் இருந்தது. அதன் பொருள் ‘சிறு நாணயம்’; அதன் மூலம் தமிழின் காசு!

இராஜராஜ சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே காசு என்ற சொல் உண்டு. 1498-க்குப் பின் நம் கடற்கரைகளுக்கு வந்த போர்ச்சுக்கீசியர் அதைத் தம் நாவுக்கேற்ப ‘கைஷா’ என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர் என்பது வியப்பன்றோ! அவர்கள் வழியாக ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினர். சீனத்தின் துளையிட்ட செப்புக் காசுகளுக்கும் அதே பெயரைச் சூட்டினர்.

நம் சென்னையில் 1818 வரை 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு! கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட செப்பு நாணயங்களில் ‘கேஷ்’ என்றே ஆங்கிலத்தில் பொறித்தார்கள். சென்னை மாகாணத்துக்கென இங்கிலாந்தில் அச்சடித்த இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் மூழ்குநர்கள் இலட்சக்கணக்கான காசுகளை வெளியே எடுத்தார்கள்.

ஆக, ஒரே ஒலியில் இரு சொற்கள். ஒன்று ரோமாபுரியின் பெட்டி. மற்றொன்று தமிழ்நாட்டின் நாணயம். முகம் ஒத்திருப்பதால் மட்டும் இருவர் உறவினர் ஆவதில்லை, சொற்களும் அப்படியே. தாய்மொழியின் மீது பற்று வேண்டும். ஆனால் இல்லாத பெருமையை அவளுக்குச் சூட்டினால், உள்ள பெருமையையும் பிறர் நம்பமாட்டார்கள் அல்லவா?

நற்செய்தியில் ஓர் ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போடுகிறாள். செல்வர் போட்டவற்றைவிட அதுவே பெரிது என்கிறார் இயேசு. அது சிறியதுதான், ஆனால் அவளுக்கே உரியது. எங்கள் சுவரொட்டியையும் அவ்வாறே திருத்தினோம்: ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்தது ஒரு சிறு காசு. ஆனால் அது நல்ல காசு!’

சிஸ்டர் தாமே பசை எடுத்து வந்து ஒட்டிக்கொடுத்தார்கள்.