பூனை இருக்கும் வீட்டில் எந்தச் செடி வைக்கலாம்?

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பூனைக்கு வேலை உண்டு. எலி ஒரே ராத்திரியில் தறியின் பாவு நூலைக் கடித்து வைத்துவிட்டால் நெசவாளிக்குக் கூலியும் போகும், நாளும் போகும். அதனால் தறிக்குழி ஓரத்தில் பூனை சுருண்டு கிடந்தால் யாரும் விரட்டுவதில்லை. இப்போது அதே வீடுகளின் வாசலிலும் கூடத்திலும் தொட்டிச் செடிகள் பெருகிவிட்டன. வயிறு நிறைந்த பூனையும் பச்சையைக் கண்டால் கடிக்கும். செடியையும் பூனையையும் சேர்த்து வளர்க்க, எது எவ்வளவு ஆபத்து என்று பிரித்துத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது லில்லிப் பூ. கல்யாண வரவேற்பில் கொடுக்கும் பூங்கொத்தில் பெரிய வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு இதழ்களோடு நிற்குமே, அதுதான். அதன் நடுவில் தொங்கும் மகரந்தப் பைகளைத் தொட்டால் செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டும். பூனை உரசிவிட்டுப் போனால் அந்தப் பொடி ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள் போய்விடும். அந்த அளவே போதும், சிறுநீரகம் செயலிழக்க. இதழ், இலை, தண்டு, ஜாடித் தண்ணீர் எல்லாமே நஞ்சு. முதலில் வாந்தி, பிறகு சோர்வு. சிலசமயம் நடுவில் கொஞ்சம் தேறியதுபோலத் தெரியும், அதை நம்பி ஏமாறக் கூடாது. ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். ஆகவே பூனை உள்ள வீட்டுக்குள் லில்லி வரவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. உயரமான அலமாரியில் வைத்தாலும் பொடி கீழேதான் உதிரும். குளத்து அல்லி வேறு குடும்பம், அதற்கு இந்த நஞ்சு கிடையாது.

மணி பிளான்டைப் பற்றி இவ்வளவு கலங்க வேண்டியதில்லை. சேப்பங்கிழங்கை அரைவேக்காட்டில் தின்றால் நாக்கு அரிக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள்தான் மணி பிளான்ட் இலையிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பம். கடித்த பூனை எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைத் தேய்க்கும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். டிபன்பாக்கியாவும், லில்லி என்று பெயர் வைத்திருக்கும் பீஸ் லில்லியும் இந்த வகைதான். திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டும் கற்றாழையின் தோலுக்கு அடியில் உள்ள மஞ்சள் பால் பூனைக்கு வாந்தி பேதி உண்டாக்கும். வாசல் உத்தரத்தில் தொங்குவது நல்லது. தொட்டியில் இருந்தால் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

அரளி நம் எல்லோருக்கும் தெரிந்த நஞ்சு. ஆனாலும் பூஜைக்கு வேண்டும் என்று கொல்லையில் வளர்க்கிறோம். அது இதயத் துடிப்பையே குலைக்கும். வளர்த்தே ஆகவேண்டும் என்றால் பறித்த பூவையும் கழித்த கிளையையும் தரையில் போடாதீர்கள். நர்சரியில் குட்டிப் பனைபோல விற்கும் சைகஸ் ஈரலைக் கெடுக்கும், அதன் விதை இன்னும் மோசம். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. இந்த மூன்றில் எதுவும் தொட்டியில் வேண்டாம்.

அப்புறம் என்னதான் வைப்பது? மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, ஸ்பைடர் பிளான்ட், அரிக்கா பாம் எல்லாம் தாராளமாக வைக்கலாம். கூடவே ஒரு தொட்டியில் அருகம்புல் போடுங்கள். கடிக்கிற ஆசை அதில் தீர்ந்துவிட்டால் மற்றச் செடிகள் தப்பும். தெருவோரம் முளைக்கும் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். பூனை ஓடிவந்து வேரில் கன்னத்தைத் தேய்த்து, புரண்டு, மயங்கிக் கிடக்கும். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. மோந்து விளையாடட்டும், தீனியாகக் கொடுக்க வேண்டாம். தொட்டி மண்ணைத் தோண்டி அசுத்தம் செய்கிற பூனை என்றால், மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால் போதும். பூச்சிமருந்து அடித்த செடியை இலை நன்றாகக் காயும்வரை தனியே வையுங்கள்.

நஞ்சுச் செடியைத் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உப்பே அதற்கு ஆபத்து. பாராசிட்டமாலும் கொடுக்கக் கூடாது. பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். ரோமத்தில் மகரந்தம் இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, மேலும் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்த செடியின் இலையோ பூவோ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். லில்லி என்றால் வாந்தி வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே, அதாவது முதல் பதினெட்டு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.