அத்துமீறி நுழைந்த வழக்கு

1762 நவம்பர் 11. லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் ஏவலர்கள் நால்வர் நுழைந்தார்கள். அரசாங்கத்தைச் சாடிவந்த 'மானிட்டர்' ஏட்டில் அவர் எழுதுகிறார் என்பது புகார். நான்கு மணி நேரம் அறை அறையாகத் துழாவினார்கள். பூட்டுகளை உடைத்து, பெட்டிகளைத் திறந்து, அகப்பட்ட காகிதங்களைப் படித்துப் பார்த்து அள்ளிப் போனார்கள். கையில் இருந்தது அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கையெழுத்திட்ட வாரண்ட்.

பேச்சுரிமை, அந்தரங்க உரிமை என்றெல்லாம் என்டிக் வாதாடவில்லை. என் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தார்கள், நஷ்ட ஈடு வேண்டும் என்றுதான் வழக்குப் போட்டார். வரப்பைத் தாண்டி வந்த பக்கத்து வயல்காரர்மீது போடுகிற அதே வழக்கு. ஜூரி 300 பவுண்டு என்றது. 1765இல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு சொன்ன தீர்ப்பு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைத்தாலே அத்துமீறல். அதை அனுமதிக்கும் சட்டம் இருந்தால் காட்டுங்கள். நூல்களில் இல்லையென்றால் அப்படிச் சட்டமே இல்லை. நாட்டின் நன்மைக்குத் தேவைப்பட்டது என்ற அரசுத் தரப்பு வாதத்தை அவர் ஏற்கவில்லை. அமைச்சரின் ஆட்களும் மற்றவர்களைப் போலவே சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, நாடாளுமன்றமே அனுமதிச் சட்டம் இயற்றிவிட்டால்? அட்லாண்டிக்கின் மறுகரையில், பாஸ்டனில், அந்தக் கேள்வி முன்பே எழுந்திருந்தது. அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த அங்கே, நாடாளுமன்றச் சட்டத்தின் பேரில் சுங்க அதிகாரிகளிடம் 'உதவி ஆணை' என்றொரு காகிதம் இருக்கும். கடத்தல் சரக்கு இருப்பதாகச் சந்தேகப்பட்டால் போதும், பகல் நேரத்தில் எந்த வீட்டிலும் நுழையலாம். வீட்டின் பெயரோ ஆளின் பெயரோ அதில் இருக்காது. அரசரின் ஆயுள்வரையும் அதற்குப்பின் ஆறு மாதமும் அது செல்லும். 1760 அக்டோபரில் இரண்டாம் ஜார்ஜ் இறந்ததும் புது ஆணை வாங்க வேண்டியிருந்தது. வணிகர்கள் எதிர்த்து வழக்காடினார்கள்.

அவர்களுக்காக 1761 பிப்ரவரியில் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் மணிக்கணக்கில் வாதாடினார். அவர் எடுத்த ஆயுதமும் இங்கிலாந்தில் வார்த்ததுதான்: பொது நியாயத்துக்கு முரணான சட்டத்தை நாடாளுமன்றமே இயற்றினாலும் அது செல்லாது என்று 1610இல் நீதிபதி எட்வர்ட் கோக் சொன்ன கருத்து. ஓட்டிஸ் தோற்றார். இங்கிலாந்தில் இத்தகைய ஆணைகள் வழங்கப்படுகின்றன என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட நீதிமன்றம் பாஸ்டனிலும் அனுமதித்தது.

கோக்கின் கருத்து தாயகத்தில் மங்கிப்போனது. அங்கே நாடாளுமன்றத்துக்கு மேல் எதுவும் இல்லை என்ற கொள்கையே வென்றது. அமெரிக்காவில் கோக்கின் கருத்து வேர்பிடித்தது. உரிமைகளைப் பெற்ற இடத்தைவிட அவற்றை எங்கே வைத்தார்கள் என்பதுதான் அமெரிக்கர்களின் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்: சட்டமன்றத்தின் கை எளிதில் எட்டாத உயரத்தில். ஓட்டிஸின் வாதத்தை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்ட 25 வயது ஜான் ஆடம்ஸ், 1779இல் மாசசூசெட்ஸின் அரசியல் சட்டத்தை வரைந்தபோது காரணமற்ற சோதனையைத் தடுக்கும் பிரிவைச் சேர்த்தார். ஜேம்ஸ் மாடிசன் முன்மொழிந்து 1791இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தமும் அதே வழியில் வந்தது. தக்க காரணம் வேண்டும், சத்தியப் பிரமாணம் வேண்டும், சோதிக்கும் இடத்தையும் கைப்பற்றும் பொருளையும் குறிப்பிட வேண்டும்.

என்டிக்கின் வழக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் இன்னும் பேசப்படுகிறது. 2012இல், செல்லுபடியாகும் வாரண்ட் இல்லாமல் ஒரு காரில் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி 28 நாள் கண்காணித்தது சோதனைதான் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தபோது கேம்டனின் தீர்ப்பை மேற்கோள் காட்டியது. பிறர் பொருளில் கைவைத்தார்கள் அல்லவா! ஆனால் 2018இல் வந்தது வேறு வகை வழக்கு. ஒருவரின் கைபேசி எங்கெங்கே இருந்தது என்ற 127 நாள் பதிவுகளைப் போலீஸ் தொலைபேசி நிறுவனத்திடமிருந்தே வாங்கியிருந்தது. யாரும் எங்கும் நுழையவில்லை, எதையும் தொடவில்லை. அதற்கும் பொதுவாக வாரண்ட் தேவை என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பதிவுகள் நிறுவனத்தின் சொத்து, அவருடையவை அல்ல என்பது எதிர்த் தரப்பு நீதிபதிகள் முன்வைத்த முக்கிய வாதம்.