மதகடியில் நின்று பாருங்கள்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டியது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர். பறவை பார்க்க அதன் கரையும் மதகுமே போதும். கிழக்குக் கரை மேலேயே சாலை போகிறது. காலையில் போனால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். மாலையில் கண்தான் கூசும்.

ஐப்பசி தொடங்கி பங்குனி வரை வலசைக் காலம். மதகருகே முதலில் கண்ணில் படுவது மீசை ஆலா. காற்றை எதிர்த்துத் தாழப் பறந்து, ஒரு நொடி அந்தரத்தில் நின்று, உடம்பை நனைக்காமல் அலகால் மட்டும் நீர்மட்டத்தில் இரையைக் கொத்தி எழும். தை மாதத்தில் வெளுத்திருக்கும் அதன் வயிறு, ஊர் திரும்பும் நேரத்தில் சாம்பல் கறுப்பாக மாறிவிடும்; உச்சந்தலையும் முழுக்கக் கறுத்துவிடும்.

ஏரி நடுவே கூட்டமாக மிதப்பவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்துகள். அரைக் கிலோ கூடத் தேறாத நீலச்சிறகி, சைபீரியா வரையுள்ள வடபுலங்களிலிருந்து வருகிறது. பகலில் அது ஏரியில் தூங்கும். பொழுது சாய்ந்ததும் வயல்களுக்கும் சேற்று நிலங்களுக்கும் இரை தேடிக் கிளம்பும். கருவால் மூக்கனுக்கும் உள்ளானுக்கும் ஆழமான தண்ணீரே ஆகாது. கால் ஊன்றச் சேறு வேண்டும். பாசனத்துக்கும், 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் நீரைத் தேக்கும் வீராணம் நிரம்பி நிற்கும்போது, அவை அண்டை வயலையும் ஊர்க் குட்டைகளையும் நம்பியே பிழைக்கின்றன.

பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் பெரிய ஏரியை மட்டும் காத்தால் போதாது. ஊர் ஏரியைத் தூர்த்து மனை போட்டால், பறவைக்குப் படுக்க இடமிருக்கும், சாப்பாடு இருக்காது.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். வரும் பொங்கலுக்கு வீராணம் போக முடியாவிட்டால், உங்கள் ஊர் ஏரிக்கே போங்கள். அங்கே பறவை பிடிக்க வலை கட்டியிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.